பாப்பாவுக்கு, நீ வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி

பாப்பா,

நல்லா இருக்கியா. பெரியவனும் குட்டியும் நல்லா இருக்காங்களா. நானும் ஒங்கம்மாவும் நல்லா இருக்கோம். போன்ல பேசுனா ரெண்டு நிமிசத்துல சரிப்பா சரிப்பான்டு வச்சிர்ற, அதான் ஒக்காந்து எழுதுறேன், இந்த போன்ல மைக்க அமுக்கிட்டு பேசுனா அதுவே எழுதிருது, தப்பா எழுதுறத மட்டும் நான் திருத்திக்கிறேன். நிதானமா படி. படிச்சிட்டு ப்ளூ டிக்கோட விட்றாத, பதில் போடு.

தீபாவளி லீவுக்கு பெங்களூர்லேர்ந்து நீயே கார ஓட்டிட்டு மதுரைக்கு வாரேன்டும், வந்த பெறகு ஒருநாள் எல்லாரும் கொடைக்கானல் போய்ட்டு இருட்டுறதுக்குள்ள திரும்பிரலாம்டும் சொன்ன. ரொம்ப சந்தோசம். ஒங்கம்மா அன்னைக்கே புளி வாங்கியாந்துட்டா. ஆனா இது ஐப்பசி தாயி. ஐப்பசி அடைமழை கார்த்திகை கனமழைன்டு சும்மாவா சொன்னாங்க, நீ ஓட்டிப் பழகுனது வெயில் ரோடு, மழை ரோடு வேற.

மொதல்ல டயர். வார்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நாலு டயரையும் பாத்துரு, முந்துன நாள் சாயங்காலம் வச்சுக்காத, ஏதாச்சும் மாத்தணும்டா கடை மூடிருப்பான். டயர் ஓரத்துல சின்னதா முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ.ன்டோ போட்டிருக்கும், அதுக்கு நேரா பட்டைக்கு எடையில பாத்தா ஒரு மேடு தெரியும், பட்டை தேஞ்சு அந்த மேட்டோட சமமா வந்துருச்சுன்டா 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், அப்பிடி இருந்தா யோசிக்காம மாத்திரு, தேஞ்ச டயரு மழையில தண்ணிய வெளிய தள்ளாது, வண்டி தண்ணி மேல மெதக்கும். மெதக்குற மாதிரி தெரிஞ்சா பதறி பிரேக்க மிதிக்கக் கூடாது, ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டு ஸ்டியரிங்க நேரா புடிச்சுக்க, தானா ரோட்ட புடிச்சிரும். காத்து எம்புட்டுன்டு டிரைவர் கதவ தொறந்தா ஸ்டிக்கர்ல இருக்கும், ஆள் கம்மியா போறதுக்கு ஒரு அளவு, ஆளும் லக்கேஜும் நெறைய இருந்தா வேற அளவு. எத்தன பேரு வர்றீங்களோ அதுக்குத் தக்கன அடிச்சுக்க. ஸ்டெப்னிக்கும் சேத்து அடி. எல்லாரும் ஸ்டெப்னிய மறந்துருவாங்க, அது டிக்கிக்குள்ள காத்தே இல்லாம கெடக்கும்.

ஸ்டெப்னின்ட ஒடனே சொல்லணும்டு நெனச்சது வந்துருச்சு. கிருஷ்ணகிரிகிட்ட பஞ்சராகி நின்னத நீ எங்கிட்ட சொல்லல. பெரியவன்தான் சொன்னான். அவன ஒண்ணும் வையாத, அவன் கதை மாதிரி சொன்னான், டயரு புஸ்ஸுன்டு போச்சு தாத்தா, ஒரு லாரி மாமா வந்து மாட்டிக் குடுத்தாரு, அம்மா ரோட்டோரத்துல நின்னு அழுதுச்சு, பெறகு எங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துச்சுன்டு. பஞ்சருக்கா நீ அழுவ? எட்டாங்கிளாஸ்ல சைக்கிள்லேர்ந்து விழுந்து முழங்கால் கிழிஞ்சு தையல் போட்டப்ப கூட அழாத பிள்ளை நீ. நான் முப்பது வருசம் வண்டி ஓட்டுனவன், ரோட்டுல வண்டி நின்னா மொதல்ல எனக்குத்தானத்தா போன் போடணும், நான் அங்க வந்து மாட்டப் போறதில்ல, ஆனா போனுலயே சொல்லிருப்பேன்ல. ஜாக்கி போடுறதுக்கு முன்னாடியே நட்ட லேசா லூஸ் பண்ணிரணும், பிள்ளைகள கீழ எறக்கி ரோட்ட விட்டுத் தள்ளி நிக்க வைக்கணும், முக்கோண ரிப்ளெக்டர நல்லா தூரமா பின்னால வைக்கணும். இனிமே அப்பிடி நின்னா 1033க்கு போன் போடு, நேஷனல் ஹைவேல எங்க நின்னாலும் வருவாங்க. அடி கிடி பட்டா 108. ரெண்டு நம்பரையும் பெரியவனுக்கும் சொல்லி வை. எனக்கும் போடு.

தொப்பூர் பத்தி தனியா சொல்லணும். தர்மபுரி தாண்டுன ஒடனே கணவாய் வரும்ல, பெங்களூர் பக்கமிருந்து வர்றவங்களுக்கு அது எறக்கம். லோடு லாரிக்காரங்கள்ல சில பேரு டீசல் மிச்சம் புடிக்கிறேன்டு நியூட்ரல்ல விட்டு எறக்குவாங்க, பிரேக்க மிதிச்சு மிதிச்சு சூடேறி கடைசி வளைவுல பிடிக்காம போயிரும், முன்னால போற கார் மேல ஏறிரும். அந்த எடத்துல எத்தன ஆக்சிடென்ட் நடந்துருக்குன்டு பேப்பர்ல நீயே படிச்சிருப்ப. அதனால அங்க லாரிக்கு முன்னால போயி நிக்காத, கண்ணாடிய பாத்துக்கிட்டே போ, மூணாவது கியர்ல எறக்கு, ஓவர்டேக் வேணாம், செல்பி எடுக்க ஓரங்கட்ட வேணாம். பகல்லதான் தொப்பூர தாண்டணும். விடியக்காலம் நாலரைக்கெல்லாம் கெளம்பிரு, ஓசூர் தாண்டுறப்ப வெளிச்சம் வந்துரும்.

ராத்திரி மட்டும் ஓட்டாத. வேலைய முடிச்சிட்டு பத்து மணிக்கு கெளம்பி விடியிறதுக்குள்ள வந்துருவேன்டு போன தடவ மாதிரி பண்ணாத. ராத்திரில ஓட்டுறவங்களுக்கு பக்கத்து சீட்டுல முழிச்சிருக்கற ஆள் வேணும், தூங்கற ஆள் இல்ல, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கற ஆள். எனக்கு எங்க கண்டக்டர் அண்ணன் இருந்தாரு, டிக்கெட் முடிஞ்சதும் முன்னால வந்து நின்னு ஊர்க்கதை எல்லாம் பேசுவாரு, நான் ஒத்தை ஆளா ஓட்டுன மாதிரி எனக்குத் தோணுனதே இல்ல. ஒன் வண்டில முன் சீட்டுல யாரு ஒக்காருவா? பெரியவன ஒக்கார வைக்காத, அவனும் பின்னால பெல்ட்டு போட்டுத்தான் வரணும், குட்டிக்கு அந்த சைல்டு சீட்ட கண்டிப்பா மாட்டு, அழுதா அழுகட்டும், மடில தூக்கி வச்சுக்கறதுக்கு பின்னால யாராச்சும் இருக்காங்கன்டாலும் வேணாம்.

ஆயுதபூஜைக்கு அனுப்புன போட்டோ பாத்தேன். சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, நீயும் பிள்ளைகளும் வண்டி முன்னால நிக்கிறீங்க. நல்லாருந்துச்சு. டெப்போல பழைய ஆளுங்க கூடுனப்ப எல்லார்கிட்டயும் காட்டுனேன், எம்பொண்ணு சொந்தமா வாங்குனது, அவளே ஓட்டுவான்டு. ரிங் ரோட்டுல விடியக்காலம் ஒனக்கு கிளட்ச் சொல்லிக் குடுத்தப்ப நீ ஒரு தடவ கூட வண்டிய ஆப் பண்ணாம எடுத்ததில்ல, இப்ப தொப்பூர்ல எறக்குற. போட்டோ யாருடா எடுத்தான்டு பெரியவன்கிட்ட கேட்டேன், பக்கத்து வீட்டு ஆன்ட்டின்டான். சரின்டு விட்டுட்டேன். நீ வந்தா பாண்டி கோயிலுக்கு வண்டிய கொண்டு போயி ஒரு பூசை போட்டுரணும், ஒங்கம்மா நேந்துருக்கா.

கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு போயி காட்ரோடு வழியா ஏறலாம். காலையில அஞ்சரைக்கு இங்கேருந்து கெளம்புனாத்தான் சரியா இருக்கும். பிள்ளைகளுக்கு பால் குடுத்து மலை ஏத்தாத, ரெண்டு இட்லி போதும், குட்டிக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் கைல வச்சிருக்கச் சொல்லு, போன் பாக்க விடாத, நேரா ரோட்ட பாத்துட்டு வரச் சொல்லு. டம்டம் பாறைல நிறுத்துவோம், மழைக்காலத்துல எலிவால் அருவி எதித்தாப்ல மலையிலேர்ந்து வெள்ளை நூலு மாதிரி தொங்கும், அத பிள்ளைக பாக்கணும். வளைவுல ஹாரன் அடிச்சு திரும்பு, மேல ஏறி வர்ற வண்டிக்கு எறங்குற வண்டிதான் வழி விடணும், அது சட்டமே. எறங்கும்போது எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு, பிரேக்க தொட்டுத் தொட்டு விடு, அமுக்கிப் புடிச்சுக்கிட்டே வராத, நியூட்ரல் போடவே போடாத. பனி மூடுனா லோ பீம் போடு, ஹை பீம் போட்டா வெள்ளைத் திரை கட்டுன மாதிரி ஒண்ணும் தெரியாது. பார்க்கிங் லைட்ட நாலுபக்கமும் மினுக்கிக்கிட்டே ஓட்டுறது இப்ப எல்லாருக்கும் பழக்கமாயிருச்சு, அது நின்ன வண்டிக்கு, நீ பண்ணாத, திரும்புறது பின்னால வர்றவனுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் பாட்டில் 5 லிட்டருக்கு கீழ மலைல கூடாது, புடிச்சா பைன் போடுறாங்க, நம்ம எவர்சில்வர் கூஜா ரெண்டு இருக்கு. ஸ்வெட்டர் எடுத்துட்டு வா, ஏரிப் பக்கம் நடுங்கும்.

மழை ரொம்ப வலுத்தா மலை வேணாம், மண் சரிஞ்சு மரம் விழுந்து மணிக்கணக்கா நிக்கணும். அதுக்கும் நான் யோசிச்சு வச்சிருக்கேன், உசிலம்பட்டி ஆண்டிபட்டி வழியா வைகை டேமுக்குப் போய்ட்டு வந்துருவோம், ரோடும் நல்லாருக்கும், ஆண்டிபட்டி கணவாய் ஒண்ணுதான். 71 அடி டேமு, 66 அடி தொட்டதுமே மொத அபாயச் சங்கு ஊதி கரையோரத்துக்காரங்கள எச்சரிச்சிருவாங்க. தண்ணி தெறந்துவிட்டா பெரியவன் வாயப் பொளந்துக்கிட்டு பாப்பான். 1959ல கட்டி முடிச்சதுன்டு அவனுக்கு சொல்லிக் குடுப்பேன். கும்பக்கரை மட்டும் வேணாம், இந்த மாசத்துல திடீர்னு வெள்ளம் வரும், குளிக்கவே விட மாட்டாங்க.

இப்ப விசயத்துக்கு வாரேன். கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்கணும்ல, 2024 மே மாசத்துலேர்ந்து ஐகோர்ட்டு உத்தரவு, காசு கிடையாது, ஆனா இல்லாம விட மாட்டாங்க. கர்நாடகா நம்பர் வண்டி, கண்டிப்பா கேப்பாங்கன்டு நேத்து பிரவுசிங் சென்டர்ல போயி ஒக்காந்தேன். வண்டி நம்பர் கேட்டான், சொன்னேன். எங்கேர்ந்து வர்றீங்க, என்னைக்கு ஏறி என்னைக்கு எறங்குறீங்கன்டான், எல்லாம் சொன்னேன். மொத்தம் எத்தன பேருண்ணேன்டான். வாய் வரல. நாளைக்கு வாரேன் தம்பின்டு எந்திரிச்சு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தா ஒங்கம்மா, சாதம் எத்தன பேருக்கு கட்டுறதுன்டு கேக்குறா, அவளுக்கும் தெரியல, எங்கிட்ட கேட்டா நான் யாரக் கேப்பேன்.

அஞ்சு பேரு போற வண்டி. நான், ஒங்கம்மா, நீ, பிள்ளைக ரெண்டு, அதோட நெறஞ்சிருச்சு. மாப்ள வாராருன்டா நான் வீட்டுல இருந்துக்குறேன், எனக்கு அந்த மலைல ஒவ்வொரு வளைவும் தெரியும், நான் பாக்காததா. சந்தோசமா இருந்துக்குவேன். இல்ல, அவருக்கு லீவு இல்ல, வேலைன்டாலும் சரி. நீ ஆடிக்கு வந்தப்பவும் மீட்டிங்ன்ட, பிள்ளைக பொறந்தநாளுக்கு போன் போட்டப்பவும் மீட்டிங்ன்ட, நான் ஒண்ணும் கேக்கல, ஒங்கம்மாவும் கேக்கக் கூடாதுன்டுட்டா. எப்பவும் நாங்க மூணு பேரும்தான தாத்தா போவோம்டு பெரியவன் சொன்னத கூட அவகிட்ட நான் சொல்லல. மூணுன்டா மூணுன்டு சொல்லு, நாலுன்டா நாலுன்டு சொல்லு, எனக்கு நம்பர் போதும், காரணம் நீ சொல்றப்ப சொல்லு, சொல்லாட்டியும் போகட்டும்.

மாடி போர்ஷன்ல இருந்தவங்க ஆவணியிலயே காலி பண்ணிட்டாங்க. வேற ஆள் வைக்கல. வெள்ளையடிச்சு, பாத்ரூம் குழாய மாத்தி, ஜன்னலுக்கு கொசுவலை அடிச்சு வச்சிருக்கேன். ரெண்டு பேரு வந்து கேட்டாங்க, குடுக்கறாப்ல இல்லன்டுட்டேன். தெப்பக்குளத்து அத்தை நம்ம வீட்டுல எப்பிடி இருந்தான்டு ஒனக்குத் தெரியும், ஒங்க ஆயா அவள ஒருத்தன் ஒரு சொல்லு சொல்ல விட்டுச்சா. நானும் அந்த வீட்டுல வளந்தவன்தான்.

சரி, இத கேளு, இதுதான் முடிவா சொல்றது. நீ பிள்ளைகள மட்டும் வச்சுக்கிட்டு ஒத்தைல அம்புட்டு தூரம் ஓட்டிட்டு வர வேணாம். மதுரைலேர்ந்து விடியக்காலம் வந்தே பாரத் கெளம்புது, மதியத்துக்கெல்லாம் பெங்களூர் கண்டோன்மென்ட்டுல எறங்கிருவேன், நீ ஸ்டேசனுக்கு வர வேணாம், ஆட்டோ புடிச்சு வந்துக்குறேன். அன்னைக்கு சாயங்காலம் நானே டயரு, வைப்பர், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாம் பாத்துர்றேன், வைப்பர் ரப்பர் காஞ்சிருந்தா அங்கயே மாத்திருவோம். மறுநாள் விடியக்காலம் நீ ஓட்டு, நான் முன் சீட்டுல ஒக்காந்துக்குறேன், குறுக்க பேச மாட்டேன், பிரேக் பிரேக்குன்டு கத்த மாட்டேன், தொப்பூர்ல மட்டும் ரெண்டு வார்த்தை சொல்வேன். பரமத்தி வேலூர் பாலத்துல காவேரில தண்ணி போகுதான்டு பிள்ளைகளுக்கு காட்டிட்டு, கரூர் தாண்டி நல்ல எடமா பாத்து சாப்புட்டுக்கிட்டு வருவோம்.

வெள்ளிக்கெழமைக்குள்ள தேதிய சொல்லு, தீபாவளி கூட்டத்துல டிக்கெட் தீந்துரும். போறதுக்கு மட்டும்தான் டிக்கெட் போடுறேன், திரும்பி ஒன் வண்டிலதான் வாரேன்.

அப்பா