எலுமிச்சைச் சாறு மீனை வேகவைக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையூர் விடுதிகளின் உணவுப்பட்டியலில் கியூபா, பெரு நாட்டுப் பதார்த்தங்கள் தலைகாட்டத் தொடங்கியிருப்பதில் சமையல் தொழிலில் இருப்பவர்களுக்கு மகிழ்ச்சிதான். உருளைக்கிழங்கு, பீன்ஸ், மரத்தக்காளி, எலுமிச்சை என்று அந்தச் சமையலுக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஊட்டி, கொடைக்கானல் சந்தைகளிலேயே கிடைத்துவிடும். ஆனால் ‘ஃப்யூஷன்’ என்று பெயர் வைத்து, எல்லாவற்றின் மேலும் மயோனைஸைப் பிழிந்து மிளகாய்த்தூளைத் தூவிக் கொடுத்தால் அது கியூபாவும் இல்லை, பெருவும் இல்லை. இத்தகைய உணவகம் நடத்துவோரும், அங்கே சாப்பிடப் போவோரும் கவனிக்க வேண்டிய சிலவற்றை உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

உடம்புக்கு ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறேன். செவிச்சே பெருவின் கடலோர உணவு. 2023இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பச்சை மீனைத் துண்டு போட்டு, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசறினால் சில நிமிடங்களில் மீன் வெளுத்து இறுகும். பார்வைக்கு வெந்தது போலவே இருக்கும். உண்மையில் புளிப்பு மீனின் புரதத்தை இறுகச் செய்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் புழுவை அது கொல்லாது, கிருமிகளையும் முழுதாக ஒழிக்காது. பெருவின் தலைநகர் லிமாவில் விடியற்காலையில் கரைக்கு வந்த மீனை மதியமே தட்டில் வைக்கிறார்கள். செவிச்சே கடைகள் பலவும் அங்கே மதியத்தோடு மூடுவது இதனால்தான். மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கும், மேட்டுப்பாளையம் வழியாகவோ கூடலூர் வழியாகவோ ஊட்டிக்கும் ஏறி வரும் மீனுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

ஆகவே பச்சையாகப் பரிமாறப் போகும் கடல்மீனை மைனஸ் 20 டிகிரி குளிரில் முழுதாக 7 நாள் உறைய வைத்திருக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு அந்தக் குளிரைத் தொடாது. தனி டீப் ஃப்ரீசரும் அதற்குள் ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். உறைய வைப்பது புழுவுக்குத்தான் மருந்து. கெட்டுப்போன மீனை அது நல்ல மீனாக மாற்றாது. செவுள் சிவந்து, விரலால் அழுத்தினால் குழி விழாத மீனாகப் பார்த்து வாங்கி, அன்றே உறைய வைக்க வேண்டும். உறைந்ததை மேடையில் வைத்து இளக்காமல், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து இளக்குங்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர் கேட்டாலும் பச்சை மீன் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

நீலகிரி ஓடைகளில் டிரௌட் மீன் உண்டு. பெருவின் டிட்டிகாக்கா ஏரிப் பக்கம் டிரௌட்டில் செவிச்சே செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதை இங்கே செய்து பார்க்கும் ஆசை வரலாம். வேண்டாம். நன்னீர் மீனில் நாடாப்புழு அபாயம் இருக்கிறது. அந்த மீனை வெண்ணெயில் வறுத்துக் கொடுத்தாலே போதும், அதன் ருசி தனி.

செவிச்சேயின் அளவு இது. தோலும் முள்ளும் நீக்கிய மீன் 500 கிராம், 2 சென்டிமீட்டர் துண்டுகள். முதலில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு மட்டும் போட்டுப் பிசறி இரண்டு நிமிடம் வையுங்கள். பிறகு 150 மில்லி எலுமிச்சைச் சாறு. பழத்தை ஒட்டப் பிழியாதீர்கள், தோலின் கசப்பு இறங்கிவிடும். நீளவாக்கில் மெலிதாக அரிந்து ஐஸ் தண்ணீரில் அலசிய பெரிய வெங்காயம் ஒன்று, விதை நீக்கிய மிளகாய், கொத்தமல்லித்தழை. ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் மேசைக்குப் போய்விட வேண்டும். காலையிலேயே ஊறப்போட்டு வைத்தால் மாலையில் ரப்பரைத்தான் மெல்ல வேண்டும். பக்கத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மக்காச்சோளமும் வைப்பது முறை. ஸ்வீட் கார்ன் அதிகம் தித்திக்கும். முற்றத் தொடங்கிய நாட்டு மக்காச்சோளக்கதிர்தான் சரி. டீப் ஃப்ரீசர் இல்லாத கடைகள் கொதிநீரில் வேகவைத்த இறாலிலோ, ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு எடுத்த பட்டன் காளானிலோ இதையே செய்யலாம். காளான் செவிச்சே பெருவிலும் உண்டு, குறைச்சலான சரக்கு அல்ல.

அடுத்தது கியூபாக்காரர்கள் வாழைக்காயை இருமுறை பொரித்துச் செய்யும் டோஸ்டோனஸ். பழநி மலையின் விருப்பாட்சியும் சிறுமலைப் பழமும் அருமையான பழங்கள்தான், ஆனால் அவை இதற்கு உதவா. மாவுச்சத்து மிகுந்த பச்சை நேந்திரங்காய் வேண்டும். மொந்தனிலும் செய்யலாம், அவ்வளவு மொறுமொறுப்பு வராது. தோலில் கீறல் போட்டு உரித்து, இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, 160 டிகிரி எண்ணெயில் நான்கைந்து நிமிடம் பொரியுங்கள். மஞ்சளாக வேண்டும், சிவக்கக் கூடாது. எடுத்த சூட்டிலேயே இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக அழுத்துங்கள். ஆறிய பின் அழுத்தினால் ஓரமெல்லாம் வெடிக்கும். பூண்டும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கித் துணியில் நன்றாக ஒற்றியெடுத்து, 185 டிகிரியில் மறுபடி இரண்டு மூன்று நிமிடம் பொரியுங்கள். ஒற்ற மறந்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். காயில் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தால் உள்ளே இனிப்பு வந்திருக்கும். உள் வேகும்முன் வெளி கருகி, எண்ணெயையும் குடிக்கும். அப்படிப்பட்ட காயைத் தோல் கறுக்கும்வரை பழுக்கவிட்டு, மதூரோஸ் என்னும் இனிப்பு வாழைப்பழ வறுவல் செய்துகொள்ளலாம்.

மலையில் பலரும் கோட்டை விடும் இடம் கியூபாக்காரர்களின் கறுப்பு பீன்ஸ், அதாவது காய்ந்த கறுப்பு பீன்ஸ் விதை. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. பீன்ஸை 8 மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில்தான் வேகவைக்க வேண்டும். குக்கருக்குள்ளும் சமவெளியில் எட்டும் சூடு இங்கே எட்டாது, ஆகவே கீழே 20 நிமிடம் என்றால் இங்கே 25 நிமிடம். எலுமிச்சை, தக்காளி, வினிகர் எதுவாயினும் பீன்ஸ் முழுக்க வெந்த பிறகுதான். புளிப்பு முன்னால் சேர்ந்தால் தோல் இறுகி, எத்தனை விசில் விட்டாலும் நறநறவென்றே இருக்கும். கறுப்பு உளுந்தை வைத்து ஒப்பேற்றுவதும் சரிவராது, கொழகொழத்துவிடும்.

கால் கிலோ பீன்ஸுக்குப் பெரிய வெங்காயம் ஒன்று, பச்சைக் குடைமிளகாய் ஒன்று, பூண்டு நான்கு பல், சீரகம் ஒரு டீஸ்பூன், ஓரிகானோ அரை டீஸ்பூன். எல்லாம் பொடியாக அரிந்து நிதானமான தீயில் கால்மணி நேரம் வதங்க வேண்டும். இதுதான் சோஃப்ரிட்டோ, கியூபச் சமையலின் அடிப்படை. அதில் விழும் இலை லாரல் இலை. பிரிஞ்சி இலை என்று கடையில் தருவதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடினால் அது பட்டை வாசம் வீசும் நம் நாட்டு இலை, பீன்ஸைப் பிரியாணி பக்கம் இழுத்துவிடும். நடுவில் ஒரே நரம்பு ஓடினால் லாரல். கியூபச் சமையலில் காரம் மிகக் குறைவு. வாடிக்கையாளர் காரம் போதவில்லை என்றால் தனிக் கிண்ணத்தில் மிளகாய்ச் சாறு கொடுங்கள், சட்டியில் கை வைக்காதீர்கள்.

பெருவுக்கும் நம் மலைக்கும் பழைய உறவு உண்டு. அந்நாட்டு அரசுச் சின்னத்தில் இருக்கும் சின்கோனா மரம்தான் 1860களில் நீலகிரியில், நடுவட்டம் பக்கம், மலேரியா மருந்தான கொய்னாவுக்காகப் பயிரானது. உருளைக்கிழங்குக்கும் ஆண்டிஸ் மலைத்தொடரே தாய்வீடு. ஆகவே உருளைக்கிழங்கில் செய்யும் காவ்ஸாவையாவது நாம் பழுதில்லாமல் செய்ய வேண்டாமா? ஒரு கிலோ கிழங்கைத் தோலோடு அவித்து, சூடாகவே உரித்து, இடியாப்ப அச்சில் பிழியுங்கள். அந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. மிக்ஸியில் அடித்தால் மாவுச்சத்து உடைந்து பசையாகிவிடும். ஆவி அடங்கியதும் நான்கு டேபிள்ஸ்பூன் எண்ணெய், மூன்று டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, உப்பு, மூன்று டேபிள்ஸ்பூன் மிளகாய் விழுது சேர்த்துப் பிசைந்து, நடுவில் கோழியோ காய்கறியோ வைத்து அடுக்கிக் குளிரவைத்துப் பரிமாறலாம்.

அந்த விழுதுக்கு அவர்கள் எடுப்பது அஹி அமரில்யோ என்ற மஞ்சள் மிளகாய். காரத்தோடு பழ வாசமும் உள்ளது. கிடைக்காவிட்டால் இரண்டு மஞ்சள் குடைமிளகாயோடு, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை கொதிக்கவிட்டுக் காரம் குறைத்த பழுத்த மிளகாய் நான்கைந்து சேர்த்து, தோல் நீக்கி எண்ணெய்விட்டு அரையுங்கள். காஷ்மீர் மிளகாய்த்தூள் நிறத்தையும் கெடுத்து மணத்தையும் கெடுக்கும். மரத்தக்காளியைச் சுட்டு உரித்து, மிளகாயும் உப்பும் வைத்து அரைத்தால் ஆண்டிஸ் மலையூர்களில் மேசைக்கு வரும் தொக்கு கிடைத்துவிடும். கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் சாலையோரம் விற்கும் அந்தப் பழத்தை எந்த விடுதியும் ஏன் சீந்துவதில்லையோ!

கடைசியாக, உணவுப்பட்டியல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பதார்த்தம் எந்த நாட்டது என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள். சைவம் சாப்பிடுவோருக்காக உள்ளே இருப்பதையும் எழுதுங்கள். கியூபா ரொட்டியில் வழக்கமாகப் பன்றிக்கொழுப்பு சேரும், கறுப்பு பீன்ஸிலும் பலர் பன்றியிறைச்சித் துண்டு போடுவார்கள். ரோபா வியேஹா என்பது மாட்டிறைச்சி. லோமோ சல்தாதோவும் அப்படியே. பெருவின் அஹி தே கல்யீனா கோழிக் குழம்பில் அக்ரூட் பருப்பும், பாலில் ஊறிய ரொட்டியும் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பருப்பு ஒவ்வாமை உள்ள குழந்தையோடு வரும் குடும்பம், அட்டையில் எழுதியிருந்தால்தானே தெரிந்துகொள்ள முடியும்?

இப்படிக்கு,
ஓர் உணவகச் சமையற்காரர்,
குன்னூர்.