ஜீப் அண்ணன்மார்களுக்கும், காய் பிரிக்கும் அக்காக்களுக்கும், கண் தந்த குடும்பங்களுக்கும் நன்றி

போடி வட்டாரத்து அன்பு மக்களுக்கு வணக்கம்.

ஜூன் 30ஆம் தேதியோடு எங்கள் அரிமா சங்கத்தின் (லயன்ஸ் கிளப்) இந்த ஆண்டு முடிகிறது. ஜூலை 1 முதல் புதிய தலைவர், செயலாளர், பொருளாளர் பொறுப்புக்கு வருகிறார்கள். பொறுப்பை ஒப்படைக்கும் முன் செயலாளர் ஆண்டறிக்கை வாசிப்பது வழக்கம். எத்தனை முகாம் நடந்தது, என்ன செலவானது, யார் நன்கொடை தந்தார்கள் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். ஆனால் சங்கத்தில் உறுப்பினராக இல்லாமல், ஒரு நாள்கூட மேடை ஏறாமல், மாதாமாதம் எங்கள் கூடவே நின்று வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அறிக்கையில் அவர்களைச் சொல்ல இடமில்லை. அவர்களுக்காகத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி ஜீப் ஓட்டும் அண்ணன்மார்களுக்கு.

நாங்கள் செய்யும் வேலைகளில் பெரியது கண் சிகிச்சை முகாம். அரிமா சங்கங்களுக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு பழையது. 1917இல் மெல்வின் ஜோன்ஸ் சிகாகோவில் தொடங்கிய இயக்கம் இது. 1925 ஜூன் 30 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த மாநாட்டில், பார்வையும் செவித்திறனும் இல்லாத ஹெலன் கெல்லர் வந்து நின்று, பார்வையற்றோருக்காக உழைக்க முன்வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து உலகெங்கும் அரிமா சங்கங்கள் கண் பணியை முக்கிய வேலையாக எடுத்துச் செய்கின்றன. நம் பக்கத்தில் அதற்குத் தோள் கொடுப்பது அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது அது. தேனியில் அவர்களுக்கு ஒரு கிளை இருப்பது நமக்குப் பெரிய வசதி.

டாக்டர்கள் வந்துவிடுவார்கள், பள்ளிக்கூடமும் கிடைத்துவிடும். ஆட்கள் வர வேண்டுமே, அதுதான் சிரமம். விடியற்காலையில் முந்தல் வழியாக மலை ஏறி, போடிமெட்டு தாண்டி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஜீப்புகளை இங்கே பார்க்காதவர் கிடையாது. இருட்டோடு கிளம்பிப் பொழுது சாயத் திரும்புகிறவர்களுக்கு, பகலில் ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்தால் எப்படிக் காதில் விழும்? வீடு பூட்டியிருக்கும். நோட்டீஸ் திண்ணையில் கிடந்து காற்றில் போகும்.

அந்த நோட்டீஸை ஜீப்பின் முன்கண்ணாடியில் ஒட்டியது ஓட்டுநர் அண்ணன்மார்கள் தாங்களே யோசித்துச் செய்தது. ஒட்டியதோடு விடவில்லை. மலை ஏறும்போது, "யாருக்குக் கண்ணு மங்கலாத் தெரியுது, சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்" என்று பேசிப் பேசி ஆள் சேர்த்திருக்கிறார்கள். வாரம் முழுக்க மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அந்த ஞாயிறையும் விட்டுவிட்டு, டீசல் காசுகூட வாங்காமல் வயதானவர்களைக் கைபிடித்து இறக்கிவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்று சொன்னவர்களுக்குக் கடைசியில் ஒரு டீ வாங்கித் தரத்தான் எங்களால் முடிந்தது.

அப்புறம் ஏலக்காய் பிரிக்கும் கிட்டங்கிகளில் (கிடங்குகளில்) வேலை பார்க்கும் அக்காக்கள். வெளியூர்க்காரர்களுக்கு இந்த வேலை தெரிந்திருக்காது. சல்லடையில் சலித்த காய் சுளகுக்கு (முறத்துக்கு) வரும். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்கு ஒரு விலை, அதற்குக் கீழே ஒரு விலை. சல்லடை அளவை மட்டும்தான் பார்க்கும். நல்ல பச்சை எது, வெளுத்தது எது, வெடித்தது எது, பூச்சி அரித்தது எது என்பதைக் கண்தான் பார்த்தாக வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை தலை குனிந்து அந்த வேலை. கண்புரை வளர வளர நிற வித்தியாசமும் மங்கிப்போகும். பச்சையும் பழுப்பும் ஒன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ என்று பலர் சொல்லமாட்டார்கள்.

அப்படி ஒரு அம்மா. அறுபதைத் தாண்டியவர். அவர் பிரித்த சுளகில் வெளுத்த காய் கலந்து வருவதைப் பக்கத்தில் இருந்த இரண்டு அக்காக்கள் கவனித்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. அவர் சுளகைத் தங்கள் பக்கம் இழுத்து, தங்கள் வேலை முடிந்தபின் அதையும் ஒரு தடவை பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். முகாம் அறிவித்ததும் அந்த அம்மாவைக் கையோடு அழைத்து வந்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து லென்ஸ் வைத்தாகிவிட்டது, இன்னொரு கண்ணுக்கும் வரும் மாதங்களில் நடக்கும். இப்போது அவர் திரும்பவும் காய் பிரிக்கிறார். "தம்பி, காயி இம்புட்டுப் பச்சையாவா இருந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார். அந்த இரண்டு அக்காக்களுக்கும் சங்கத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

ஆபரேஷன் இலவசம், லென்ஸ் இலவசம், பஸ்ஸும் சாப்பாடும் இலவசம். அப்படியும் ஏன் வருவதில்லை என்று கூட்டங்களில் கேட்பார்கள். இத்தனை மாதம் முகாம் வாசலில் நின்று பார்த்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காசு ஒரு காரணம்தான். கூட யார் வருவது, வீட்டில் ஆட்டையும் கோழியையும் யார் பார்ப்பது, இத்தனை நாள் கூலி போனால் என்ன செய்வது, இருக்கிற பார்வையும் போய்விட்டால் என்ன கதி என்பதெல்லாம் சேர்ந்துதான் அவர்களைத் தடுக்கிறது. நோட்டீஸில் இதற்கெல்லாம் பதில் எழுத முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சொன்னால்தான் எடுபடும். போன வருடம் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பாட்டி, ஒவ்வொரு முகாம் அன்றும் பள்ளிக்கூட வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். பயந்து திரும்பிப் போகப் பார்க்கிறவர்களைக் கூப்பிட்டுத் தன் கண்ணைக் காட்டி, "நானே இருக்கேன் பாரு, எனக்கென்ன ஆச்சு?" என்பார். எங்கள் சங்கத்தில் எத்தனை பேர் பேசினாலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது. ஆத்தா, நீங்கள் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி பஸ் ஏறிப்போய் ஆபரேஷன் முடிந்து வந்தபிறகும் வேலை இருக்கிறது. வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்க, தனியாக வாழ்கிற பெரியவர்களுக்குச் சொட்டு மருந்து விடுவது யார்? நடுங்குகிற கையால் தானே விட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில்தான் விழும். எங்கள் தெருக்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், காலையில் சீருடையோடு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவி, பாட்டியைக் கட்டிலில் சாய்த்து, கீழ் இமையை மெல்ல இழுத்துச் சொட்டு விட்டுவிட்டு, சுவரில் கரிக்கோடு ஒன்று போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவாள். சாயங்காலம் வந்ததும் மறுபடி அதே. கோடுகளை எண்ணித்தான் மறுபரிசோதனை நாளைக் கண்டுபிடித்தார்கள். சொல்லிக்கொடுத்த தாய்க்கும், அந்தக் குழந்தைக்கும், அவளைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் நன்றி.

முகாம் நாட்களில் பள்ளியைத் திறந்துவிட்டு மாலையில் தானே நின்று பெஞ்சுகளைச் சரிசெய்த தலைமையாசிரியர், வாடகை கேட்காத மைக்செட்காரர், பெரியவர்களை வரிசை வரிசையாக அழைத்துச் சென்ற நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், ரவா உப்புமாவும் சுண்டலும் செய்து தந்த மகளிர் குழுவினர் எல்லோருக்கும் நன்றி. சர்க்கரை உள்ளவர்களுக்கு என்று தனியாகக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி எடுத்து வந்த அக்காவைத் தனியே சொல்லாமல் இருக்க முடியாது.

இனி எழுதப்போவது எனக்குக் கொஞ்சம் கனமானது.

ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசிய கண்தான இருவார விழா. அந்த நாட்களில் நாங்கள் ஊர்வலம் போனோம், உறுதிமொழிப் படிவம் வாங்கினோம். படிவத்தில் கையெழுத்துப் போடுவது சுலபம். வீட்டில் சாவு விழுந்த நேரத்தில், அழுகைக்கு நடுவே, ஆறு மணி நேரத்துக்குள் ஒருவர் எழுந்து போன் செய்ய வேண்டுமே, அதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! இந்த ஆண்டு நம் ஊரில் சில குடும்பங்கள் அதைச் செய்தன. ஒரு வீட்டில் நாங்கள் போய்ச் சேரும் முன்பே, இறந்தவரின் மகள் எல்லாவற்றையும் முறையாகச் செய்து வைத்திருந்தார். இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி, மின்விசிறியை நிறுத்தியிருந்தார். உறவினர் சிலர் முகம் விகாரமாகிவிடும் என்று தடுத்திருக்கிறார்கள். "எங்கப்பா கையெழுத்துப் போட்டிருக்காரு, நான் மாட்டேன்னு சொல்ல முடியாது" என்று அவர் ஒரே பிடியாக நின்றார். மருத்துவக் குழு வந்து கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. முகம் முன்பு இருந்தபடியேதான் இருந்தது, தடுத்தவர்களே பார்த்தார்கள். ஒருவர் தரும் இரண்டு கருவிழிகள் இரண்டு பேருக்குப் பார்வை தரமுடியும். கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் ஆனவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள்கூடத் தரலாம். இதை நாங்கள் மேடையில் நூறு தடவை சொல்லியிருப்போம். அந்த மகள் அன்று நின்ற நிலையைப் பார்த்த பிறகு அந்தத் தெருவிலேயே பலர் படிவம் கேட்டு வந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு நன்றி என்று எழுதும்போது சொல் போதவில்லை. நாங்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகள், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.

அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாளில் கல்லூரியில் முகாம் நடந்தது. வந்த மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் நன்றி. ஆனால் இதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. ஒரே நாளில் நிறைய யூனிட் எடுத்துப் படம் போடுவதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. ரத்தத்தைப் பொதுவாக 35 நாள், சிவப்பணுக்களாகப் பிரித்து வைத்தால் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். தட்டணுக்கள் என்றால் 5 நாள்தான். நவம்பர் மழையில் டெங்கு வந்து தட்டணுக்கள் தேவைப்படும்போது அக்டோபர் 1இல் கொடுத்தது உதவாது. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை தரலாம். கூப்பிட்ட நேரத்தில் ராத்திரியானாலும் தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்கு பைக்கில் கிளம்பிப் போகிற தம்பிகள் நம் ஊரில் இருக்கிறார்கள். யாருக்குக் கொடுத்தோம் என்று திரும்பிக்கூடக் கேட்காதவர்கள். என் கணக்கில் உண்மையான ரத்ததான முகாம் அவர்களுடைய போன் நம்பர்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 14 உலக நீரிழிவு நாளில் ஆரம்பித்த இலவசச் சர்க்கரைப் பரிசோதனையை மாதம் ஒரு நாள் என்று தொடர்ந்து நடத்தித் தந்த ஆய்வகத் தங்கைக்கும், பரிசோதனைப் பட்டைகளை வாங்கிய விலைக்கே தந்த மருந்துக்கடை அண்ணனுக்கும் நன்றி. கோடையில், வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டபோது, தினமும் தயிர் கொடுத்த பால்காரர் குடும்பத்துக்கும், இஞ்சியும் கறிவேப்பிலையும் நசுக்கிப் போட்டு அதை மணக்க வைத்த பெரியம்மாவுக்கும் நன்றி. பள்ளி திறக்கும் நேரத்தில் நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்த வெளியூர்வாழ் போடிக்காரர்களே, உங்கள் பணம் ஒரு ரூபாய் விடாமல் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. ரசீதுகள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன, எப்போது வந்தாலும் பார்க்கலாம்.

எங்கள் சங்க உறுப்பினர்களின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் இல்லாதவர்களைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி.

ஜூலை முதல் புதிய குழு வந்தாலும் கண் முகாம் வழக்கம்போல மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அன்று அதே பள்ளியில், காலை 8 மணிக்கு ஆரம்பிக்கும். வருகிறவர்கள் ஆதார் அட்டை நகலையும், சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். ஜீப் அண்ணன்மார்களுக்கான நோட்டீஸ் கட்டு அச்சாகித் தயாராக இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

என்றும் நன்றியுடன்,
செயலாளர்,
அரிமா சங்கம், போடி