பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிடாதே

திருச்சி,
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அப்பாவின் நாட்குறிப்புகளைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு மகிழ்ச்சி. கல்லூரி நாளில் உங்கள் தேவகோட்டை வீட்டுப் பரணில் அந்த நோட்டுகளைத் தூசி தட்டிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அவற்றில் இரண்டு பக்கம் மின்தடையில் அழிந்துபோயிற்று என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் நெஞ்சை உறுத்துகிறது. புதுப் பேட்டரி போட்டும் ஏழு சதவீதத்திலேயே நிற்கிறது, போலிச் சரக்கு, மாதக் கடைசியில் கடையில் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்கிறாய். கொஞ்சம் பொறு. போன ஆடியில் நானும் இதே முடிவுக்கு வந்து, ஒரு நல்ல பையனின் மனத்தை நோகடித்துவிட்டேன்.

என் மகளின் லேப்டாப்பும் உன்னுடையதும் ஒரே வகை, நாம் சேர்ந்து போய் வாங்கியவை. அதில் பழைய பேட்டரி ஒருநாள் சார்ஜ் ஏறுவதை நிறுத்தியது. ஐந்து வருடம் உழைத்த பேட்டரி, ஆயுள் முடிந்தது என்று நானே தீர்மானித்துப் புதியது வாங்கி மாட்டினேன். அதுவும் ஏறவில்லை. சார்ஜரைச் செருகினால் லேப்டாப் ஓடுகிறது, திரையின் மூலையில் பிளக் படமும் தெரிகிறது, சதவீதம் மட்டும் அசைய மறுக்கிறது. சார்ஜர் கெட்டிருந்தால் லேப்டாப்பே ஓடாதே, ஆகவே குற்றம் பேட்டரியுடையதுதான் என்று கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

அந்தப் பையன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இழுப்பறையிலிருந்து தன் சார்ஜரை எடுத்துச் செருகினான். ஆரஞ்சு விளக்கு உடனே எரிந்தது. பிறகு என் சார்ஜரின் முனையை மேசை விளக்கின் கீழே பிடித்து, "நடுவில் இருக்கும் ஊசியைப் பாருங்கள் சார்" என்றான். உருளை முனைக்குள் தையல் ஊசிப் பருமனில் ஒரு கம்பி. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்சுவரை உரசிக்கொண்டிருந்தது.

லேப்டாப்பை ஓட்டும் 19.5 வோல்ட் முனையின் உள்சுவர், வெளிச்சுவர் வழியாகவே போய்விடுகிறது. நடுக் கம்பியின் வேலை வேறு. 'நான் 65 வாட் சார்ஜர்' என்று லேப்டாப்புக்குச் சொல்ல சார்ஜருக்குள் ஒரு சின்ன நினைவகச் சில்லு இருக்கிறது. அந்தச் செய்தி இந்தக் கம்பி வழியாகத்தான் வரவேண்டும். வராவிட்டால் லேப்டாப் தான் ஓடுவதற்கு மட்டும் மின்சாரம் எடுத்துக்கொள்ளும், பேட்டரிக்கு ஒரு துளி தராது. முன்பின் தெரியாதவரைத் திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்போம், உள்ளறைக்கு அழைக்க மாட்டோமே, அதுபோல. லேப்டாப் மந்தமாகவும் ஓடும். உன்னுடையது சில வாரமாக இழுக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய், கவனித்தாயா?

ஆக, என் பழைய பேட்டரி சாகவே இல்லை. வேறு சார்ஜர் வாங்கியபின் அதை மாட்டிப் பார்த்தேன், ஏறியது. விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுத்தேன்: அது தேக்கிவைக்கும் அளவு புதிதாக இருந்தபோது 48,000 மில்லிவாட் மணி, இப்போது 31,000. இன்னும் உழைக்கும். மறுநாளே கடைக்குப் போய் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நீ முதலில் செய்யவேண்டியது இது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடி. திரும்ப மாட்டி, இயக்கும்போது எஃப்2 விசையைத் தட்டி, விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போ. பேட்டரிப் பகுதியில் சார்ஜர் 65 வாட் என்று தெரிகிறதா, அடையாளம் தெரியவில்லை என்கிறதா? தெரியவில்லை என்றால் பேட்டரிமேல் பழி போடாதே. சார்ஜர் வயர் முனைக்கருகே வளையும் இடத்தில் உள்ளே அறுந்திருந்தாலும் இதே கதைதான். லேப்டாப் பக்கத்துத் துளை ஆடுகிறதா என்றும் பார்.

65 வாட் என்று சரியாகக் காட்டியும் ஏறவில்லையென்றால், பேட்டரி கடை அலமாரியில் நெடுநாள் கிடந்ததாக இருக்கலாம். உள்ளே இருக்கும் லித்தியம் செல் ஒவ்வொன்றும் நிறைந்தால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றும். இரண்டு மணி நேரம் தொடாமல் விட்டுவிடு. அதற்கும் அசையாவிட்டால், அல்லது பேட்டரியையே லேப்டாப் கண்டுகொள்ளாவிட்டால், உன் சந்தேகம் சரி. தாராளமாகத் திருப்பிக் கொடு. எக்காரணம் கொண்டும் அதைப் பிரித்துப் பார்க்காதே. எங்காவது உப்பியிருந்தால் அன்றே கழற்றி வெளியே வை.

இங்கே எல்லோரும் நலம். மகளுக்குச் சேலத்தில் வேலை கிடைத்துவிட்டது. அலுவலகத்திலேயே லேப்டாப் கொடுத்துவிட்டார்கள், பழையது என் மேசைக்கு வந்திருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை புதுக்கோட்டை வழியாக பஸ் பிடித்து வருகிறேன். இந்தச் சார்ஜரையும் கொண்டுவருகிறேன், உன் லேப்டாப்பில் செருகிப் பார்த்துவிடலாம். அதுவரை பத்து வரிக்கு ஒருமுறை சேமித்துக்கொள். அழிந்த அந்த இரண்டு பக்கம் எந்த நோட்டில் இருக்கிறது என்று எடுத்து வை. நீ வாசி, நான் தட்டச்சு செய்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்