சர்கோதா வானத்தில் இரண்டு பேர்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. மாங்காய் சீசன் அசதியில் பதில் தள்ளிப்போய்விட்டது. விலையைப் பற்றி மட்டும் கேட்காதே, கூழ் ஃபேக்டரிக்காரர் சொன்னதுதான் ரேட்டு.

சரி, பாகிஸ்தான் போர் விமானி எம்.எம். ஆலம் சொன்னது நிஜமா என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஏர்ஃபோர்ஸில் இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார், அந்தப் பேரை எடுத்தாலே "எல்லாம் புளுகு" என்று டீ கிளாஸை டொக்கென்று கீழே வைப்பார். 1965 இந்திய-பாகிஸ்தான் போர், செப்டம்பர் 7, பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளம். ஒரு நிமிடத்துக்குள் நம் ஹன்டர் விமானங்கள் ஐந்தை வீழ்த்தினேன் என்றார் ஆலம். லாகூரில் ஒரு சாலைக்கே அவர் பேர். அன்று விழுந்தது ஐந்தெல்லாம் இல்லை, அதைவிடக் குறைவு என்கிறது நம் தரப்பு.

எனக்கென்னவோ அவர் வேண்டுமென்றே புளுகியதாகத் தோன்றவில்லை. தாழப் பறந்து, வளைந்து வளைந்து சுடுகிறவன் எதிரி வண்டியில் புகையைப் பார்த்தால் விழுந்தது என்றுதான் எண்ணுவான், நின்று பார்க்கவா முடியும்? இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது, பிற்பாடு ஜெர்மன் பதிவேடுகளைப் பார்த்தால் 60 பக்கம்தான். ஆனால் ஆலம் சொன்னதை விசாரிக்காமல் அப்படியே வீர வரலாறாக்கியவர்களை விடக்கூடாது.

என்னை உறுத்துவது அதே நாள், அதே சர்கோதாவில் நடந்த இன்னொன்று. குடகுக்காரர் ஸ்குவாட்ரன் லீடர் தேவையா, பஞ்சாபின் ஆதம்பூரிலிருந்து சர்கோதாவைத் தாக்கப் போன நம் மிஸ்டேர் போர் விமானங்களில் ஸ்டாண்ட்பை, அதாவது வேறு யாராவது போக முடியாவிட்டால் போகவேண்டிய ஆள். ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம் போகிற பாகிஸ்தான் போர் விமானம் ஸ்டார்ஃபைட்டர் ஒன்று அவரைச் சுட்டிருக்கிறது. மனுஷன் அடிபட்ட விமானத்தைத் திருப்பி அதையே வீழ்த்திவிட்டுத்தான் செத்திருக்கிறார்! கூடப் போன யாரும் பார்க்கவில்லை, அதனால் நம் கணக்கில் அவர் காணாமல் போனவர், அவ்வளவுதான். ஸ்டார்ஃபைட்டர் பைலட் அம்ஜத் ஹுசைன் குதித்துத் தப்பினார். பாகிஸ்தான் தரப்பு விவரங்களை வைத்து 1979இல் ஒரு ஆங்கிலேயர் எழுதிய பிறகுதான் இங்கே விஷயமே தெரிந்தது. போர் வீரத்துக்கான மகாவீர் சக்ரா விருதை அவருக்குக் கொடுத்தது 1988இல், 23 வருஷம் கழித்து.

அதனால், அடிவாங்கினவன் ஒப்புக்கொண்டால்தான் நம்புவது என்று வைத்திருக்கிறேன். பெரியவரிடமும் சொன்னேன். "தேவையா சரி, ஆலம் புளுகுதான்" என்றார்.

குடகு மடிகேரியில் தேவையாவுக்குச் சிலை இருக்கிறது. மழை விட்டதும் நீ வந்தால் போய் வரலாம், கார் உன்னுடையது, டீசல் என்னுடையது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்,
கிருஷ்ணகிரி