காந்தப் பாடத்துக்கும் ஆற்றல் பட்டை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் 2 இயற்பியலில் ஆற்றல் பட்டைகள் (திண்மத்தில் எலக்ட்ரான்கள் அமரக்கூடிய, நெருங்கி அடுக்கிய ஆற்றல் மட்டங்களின் தொகுப்புகள்) குறைகடத்திப் பாடத்தில்தான் வருகின்றன. செட்டிநாட்டு அடுப்படிகளில் இரும்புச் சட்டியும் உண்டு, செம்புக் குடமும் உண்டு. இரண்டிலும் கட்டுறா எலக்ட்ரான்கள் இருக்க, சட்டியில் மட்டும் ஏன் காந்தம் ஒட்டுகிறது? பதில் பட்டைகளில் இருப்பதால், காந்தவியல் பாடத்திலேயே அவற்றைச் சேர்க்க வேண்டும்.

ஓர் ஆற்றல் மட்டத்தில் எதிரெதிர்த் தற்சுழற்சியுடன் (ஸ்பின்) இரண்டு எலக்ட்ரான்கள் அமரும். உலோகம் காந்தமாக, ஒரு தற்சுழற்சி மிக வேண்டும். அதற்குச் சில எலக்ட்ரான்கள் புரண்டு, மேலே காலியான மட்டங்களுக்கு ஏற வேண்டும். செம்பில் 3டி பட்டை (அணுக்களின் 3d மட்டங்கள் சேர்ந்து உருவானது) நிரம்பிவிட்டது. ஃபெர்மி மட்டத்தருகே (எலக்ட்ரான்கள் நிரம்பிய உச்ச மட்டம்) இடங்கள் அரிது, ஏறுவதற்கு ஆற்றல் அதிகம் பிடிக்கும். இரும்பிலும் நிக்கலிலும் குறுகிய 3டி பட்டை நிரம்பவில்லை. இடங்கள் நெருக்கமாக இருப்பதால் ஏறும் செலவைவிடப் பரிமாற்ற இடைவினையின் (ஒரே தற்சுழற்சியுள்ள எலக்ட்ரான்களின் ஆற்றலைக் குறைக்கும் குவாண்டம் விளைவு) லாபம் கூடுகிறது. 1938-இல் இயற்பியலாளர் ஸ்டோனர் வகுத்த நிபந்தனை இதுதான். நிக்கலின் காந்தத் திருப்புத்திறன் அணுவுக்கு 0.6 போர் மேக்னட்டான் (அணு அளவிலான காந்தத் திருப்புத்திறனின் அலகு) எனப் பின்னமாக வருவதும் பட்டையால்தான் புரியும்.

வெப்பத்திலும் இதே கணக்கு. அறை வெப்பநிலையில் ஒரு மோல் செம்பின் வெப்ப ஏற்புத்திறன் கெல்வினுக்கு 24.5 ஜூல், அணு அதிர்வே ஏறத்தாழ முழுவதும். எலக்ட்ரான்கள் வாயு மூலக்கூறுகளைப் போல நடந்தால் இன்னும் 12.5 ஜூல் சேர வேண்டும். சேர்வதோ 0.2. செம்பின் ஃபெர்மி ஆற்றல் 7 எலக்ட்ரான் வோல்ட், அறை வெப்பம் தருவது 1/40 எலக்ட்ரான் வோல்ட் அளவே. ஃபெர்மி மட்டத்தை ஒட்டியவை தவிர மற்றவற்றுக்கு ஏற இடமில்லை. இடம் நெருக்கமான நிக்கலில், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அளந்தால், எலக்ட்ரான் பங்கு செம்பைவிடச் சுமார் பத்து மடங்கு.

வகுப்பில் காட்டவும் வழியுண்டு. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பழைய நாணயங்கள் தேடலாம். 1962-ஆம் ஆண்டு நிக்கல் ரூபாயில் காந்தம் ஒட்டும். 1980-களின் ரூபாயில் ஒட்டாது. அதில் 75 விழுக்காடு செம்பு, மீதி நிக்கல். செம்பின் கூடுதல் எலக்ட்ரான்கள் நிக்கலின் காலி இடங்களை அடைத்துவிடுகின்றன (பட்டையின் வடிவம் மாறாது என்று கொண்ட எளிய விளக்கம்தான் இது). நாணயத்தைச் சுட வேண்டாம். நிக்கல் கம்பியைச் சூடாக்கினால் சுமார் 355 டிகிரி செல்சியஸில் காந்தத்தை விட்டுவிடும், ஆறினால் மீண்டும் ஒட்டும். இதற்கு ஃபெரைட் காந்தமே ஏற்றது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். அப்போது கம்பி விழுந்தது நிக்கலாலா காந்தத்தாலா என்று மாணவருக்குத் தெரியாது.

இயற்பியல் ஆசிரியர்கள்,
காரைக்குடி