பொடியன்கிட்ட நீதான் பேசணும்

மாப்ள,

ஆறு மாசமா ஒரு வரி எழுதலை, திட்டணும்னா நேர்ல வந்து திட்டிக்கோ. அம்மா கால் பரவால்ல, நடக்குறாங்க. உன் டிரம்ஸ் பக்கத்து வீட்டுக்காரங்களை இன்னும் தூங்க விடலையா?

விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷமா சொல்லிட்டிருந்தேன்ல, அந்த கிட்டார் போன வாரம் வந்துடுச்சு. புதுசுன்னு முழு விலை குடுத்தேன்டா. பெட்டியைத் திறந்து பார்த்தா முதல் ரெண்டு ஸ்ட்ரிங்கும் கறுத்துக் கிடக்கு, வியர்வை பட்ட ஸ்ட்ரிங் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா, பின்பக்கம் பெல்ட் பக்கிள் கீறல், பையோட ஜிப்புக்குள்ள மடிச்ச பேப்பர் ஒண்ணு, அதுல பாட்டு வரிசை, ஒவ்வொண்ணுக்கும் கிட்டார் கழுத்துல மாட்டுற கேப்போ கிளிப் எந்தக் கட்டத்துலன்னு எழுதியிருக்கு. எவனோ ஒரு முழு ஷோ வாசிச்சுட்டுத் திருப்பியிருக்கான், கடைக்காரங்க ஸ்ட்ரிங்கைக்கூட மாத்தாம எனக்கு அனுப்பிட்டாங்க. ஓப்பன் பாக்ஸ், ஒருத்தர் பிரிச்சுத் திருப்பினதுன்னு சொல்லி விலையைக் குறைச்சிருந்தா சந்தோஷமா வாங்கியிருப்பேன். கேட்டதும் மாத்தித் தர்றோம்னாங்க, அது முடிஞ்சுது.

ஆனா அந்தப் பேப்பரைப் பார்த்ததும் நம்ம பொடியன் ஞாபகம்தான்டா வந்துச்சு. அந்தக் கச்சேரிக்கு ரெண்டு ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கி, 30 நாளுக்குள்ள திருப்பலாம்னு 29வது நாள் "சவுண்டு பிடிக்கலை"ன்னு திருப்பினானே, பெட்டியை ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கினது நான். மூணு பேரும் சிரிச்சோம் அன்னிக்கு. மூணு மணி நேரம் அவன் பாடின மைக்கை அப்புறம் யாரு வாய்கிட்ட வச்சாங்களோ, ரெண்டு நாளா அதுவே மனசுல ஓடுது.

திருப்பவே கூடாதுன்னு சொல்லலை. கிட்டார் நெக் கைக்கு அடங்குமான்னு போட்டோல தெரியாது, ஆம்ப் கடையில ஒரு மாதிரி கேக்கும் நம்ம ரூம்ல வேற மாதிரி கேக்கும், இடதுகைக்காரங்களுக்கு கடையில எடுத்துப் பார்க்கவே பீஸ் கிடைக்கிறது கஷ்டம், அவங்க ரிட்டர்னை நம்பித்தான் வாங்குறாங்க. ஐரோப்பிய யூனியன்ல 2011ல போட்ட சட்டப்படி ஆன்லைன்ல வாங்கினதை 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பிடலாம், ஆனா கடையில எடுத்துப் பார்க்குற அளவைத் தாண்டி உபயோகிச்சா குறைஞ்சு போற மதிப்பை நாமதான் ஏத்துக்கணும். இது நியாயம்தானே? பிடிக்குதான்னு வாசிச்சுப் பார்க்கத்தான் அந்த நாள் குடுக்குறாங்க, அதை வச்சு ஷோ பண்ணி காசு வாங்க இல்ல, அதுக்கு வாடகைக்கு விடுறவங்க இருக்காங்க. ஏற்கனவே மவுத் ஆர்கன், வாயில வச்சு ஊதுற ரீட், இயர்போன் எல்லாம் பிரிச்சுட்டா பல இடத்துல திருப்பி எடுக்குறதில்ல, சுகாதாரம்ங்கிறாங்க, அது சரிதான். ஆனா பொடியன் மாதிரி நாலு பேர் சேர்ந்தா எதைத் திருப்பினாலும் ரீஸ்டாக்கிங் சார்ஜ்னு காசுல கொஞ்சம் கழிக்க ஆரம்பிப்பாங்க, முதல் கிட்டார் வாங்குற பையன் தலையிலதான் அது விடியும்.

நேத்து போன் பண்ணான். அடுத்த மாசம் ஷோவாம், மிக்ஸர் வாங்கப் போறானாம், "30 நாள் இருக்குல்ல"ங்கிறான். வாடகைக்கு எடுடா, பாதி நான் தர்றேன்னேன், போனை வச்சுட்டான். நீ சொன்னா கேப்பான். வெள்ளிக்கிழமை ஆர்டர் போடுறான், அதுக்குள்ள பேசிடு.

உன் மச்சான்