மாத்திரை கொண்டுவரும் அக்காவுக்கு

சர்க்கரை நோயுள்ள அப்பாவுக்கு விதைப்பை அழுகி அறுவை சிகிச்சை வரை போனது மன்னார்குடிப் பக்கம் எங்களை அறிந்த எல்லோருக்கும் தெரியும். நேற்று அவரை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டோம். தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் பிடித்துவிட்டது. சிறுநீர்க் குழாயையும் எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் வெளியே எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. எந்த இடம் என்பதையும் சேர்த்தே எழுது" என்றார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. அன்று அப்பா உட்கார முடியாமல் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். "என்ன செய்கிறது பெரியப்பா?" என்று அக்கா கேட்டதற்கு "ஒன்றுமில்லை" என்றுதான் பதில். அம்மாவிடமே வாய் திறக்காதவர், மகள் வயதுப் பெண்ணிடமா சொல்வார்? அக்கா திரும்பக் கேட்கவில்லை. கையிலிருந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பேனாவோடு நீட்டி, "சொல்ல வேண்டாம், எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தெருப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். அப்பா எழுதினார்: "விதைப்பை வீங்கிக் கறுத்துவிட்டது. நாற்றம் வருகிறது. குளிர் ஜுரம்."

படித்தபோது அக்கா முகம் சுளிக்கவில்லை. அப்பா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நின்ற இடத்திலேயே 108-ஐ அழைத்தார். தாளைக் கிழித்து மடித்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தார். வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததும் பணி மருத்துவரிடம் அப்பா நீட்டியது அந்தத் தாளைத்தான். இல்லாவிட்டால் அங்கேயும் "ஜுரம்" என்று மட்டும் சொல்லியிருப்பார்.

மருத்துவர் விரலால் அழுத்தியபோது தோலுக்கு அடியில் அப்பளம் நொறுங்குவது போலிருந்ததாம்; கிருமிகள் உண்டாக்கும் வாயு அது. ஃபோர்னியர் கேங்ரீன் என்றார்கள். 1883-இல் அதை விவரித்த பாரிஸ் மருத்துவரின் பெயர். அரிதான நோய். சர்க்கரை உள்ள ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. வெளியே தெரிவது கொஞ்சம்தான். உள்ளே அழுகல் சில மணி நேரத்தில் எங்கெங்கோ பரவிவிடும். மருந்து மட்டும் போதாது, அழுகியதை வெட்டி எடுக்க வேண்டும், பிறகு திறந்து பார்த்து மீண்டும் வெட்ட வேண்டியிருக்கும். அன்றிரவே அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். விதைகளுக்கு வயிற்றுக்குள்ளிருந்து தனியாக இரத்தம் வருவதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும் என்று ஒரு மருத்துவர் அப்பாவின் காதருகே குனிந்து சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அப்பா கையெழுத்துப் போட்டார். அந்த இளைஞருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று அம்மா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அறுவை செய்தவர்கள், மயக்க மருந்து கொடுத்தவர், தினமும் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்ட செவிலியர்கள், 108 ஓட்டுநர், இரத்தம் கொடுத்த மாமா வீட்டுப் பையன்கள், தங்கள் வயலோடு எங்கள் வயலுக்கும் நடவு முடித்துத் தண்ணீர் பார்த்துக்கொண்ட மேலத்தெருக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். உங்கள் கடனை அடைக்க எங்களால் முடியாது.

கால் புண் என்றால் டீக்கடையில் எல்லோருக்கும் காட்டுகிற ஊர் இது. இடுப்புக்குக் கீழே என்றால் சாகும்வரை மறைக்கிறோம். அப்பா இப்போது தன்னைப் பார்க்க வருகிற ஆண்களிடம் எல்லாவற்றையும் சொல்கிறார். சிலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், ஒருவர் மறுநாளே போய்ச் சர்க்கரை பார்த்துவிட்டு வந்தார். நானும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தப் பக்கத்தில் எந்த ஆணுக்காவது அந்த இடத்தில் வலியோ வீக்கமோ கறுப்போ கண்டால் என்னைக் கூப்பிடுங்கள். என்ன என்று கேட்க மாட்டேன். "வண்டியை எடு" என்றால் போதும், நள்ளிரவானாலும் தஞ்சாவூர் வரை கூடவே வருகிறேன்.